புழுக்கையிலிருந்து ஹார்மோன்: செட்டிநாட்டுச் சிறு விலங்குகளின் இனப்பெருக்க நிலையைத் தொடாமல் அறிவது எப்படி

அணில் சினையாக இருக்கிறதா, மரநாய் இணைசேரும் பருவத்தில் இருக்கிறதா என்று அறிய நேர்வழி இரத்தம் எடுப்பதுதான். ஆனால் 100 கிராம் எடையுள்ள அணிலின் உடலில் மொத்த இரத்தமே 6 முதல் 8 மி.லி. அதைப் பிடித்து, கூண்டில் அடைத்து, ஊசி குத்துவதற்குள் அதன் ஹார்மோன்கள் மாறத் தொடங்கிவிடும். நாள் விட்டு நாள் அப்படிச் செய்தால் அணிலும் மிஞ்சாது, தரவும் மிஞ்சாது. ஆகவே அது தானாகப் போட்டுவிட்டுப் போகும் புழுக்கையை எடுத்து அளப்பதே சிறு விலங்குகளுக்கு ஏற்ற வழி.

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கும் இயற்கை ஆர்வலர்களுக்கும் இது எழுதப்படுகிறது. ஆய்வகப் பகுதி கடினமாகத் தோன்றும். உண்மையில் அது பழகிவிடும். பெரும்பாலான ஆய்வுகள் கெடுவது அதற்கு முன்பே, புழுக்கையைத் தரையிலிருந்து எடுத்து உறைபெட்டியில் வைப்பதற்கு இடைப்பட்ட நேரத்தில்தான். அதனால் இந்தக் கட்டுரையும் அங்கேயே அதிக நேரம் நிற்கும்.

எதை அளக்கிறோம்

சூலகத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் இரத்தத்தில் சுற்றி, கல்லீரலில் சிதைந்து, பித்தநீரோடு குடலுக்கு வருகிறது. குடலிலுள்ள பாக்டீரியாக்கள் அதை இன்னும் மாற்றுகின்றன. புழுக்கையில் எஞ்சுவது பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் அல்ல, அதன் சிதைபொருள்களின் கலவை. இதைப் பொதுவாகப் புரோஜெஸ்டஜன்கள் என்பார்கள். இது புரியாதவர்கள் முதலில் செய்யும் தவறு, மருத்துவமனை ஆய்வகங்கள் இரத்தத்துக்குப் பயன்படுத்தும் புரோஜெஸ்டிரோன் சோதனைக் கிட்டை வாங்குவது. அந்தக் கிட்டிலுள்ள எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதம்) மாறாத புரோஜெஸ்டிரோனை மட்டும் கண்டுபிடிக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. புழுக்கையில் அது மிகக் குறைவு. நமக்கு வேண்டியது சிதைபொருள்களையும் சேர்த்துப் பிடிக்கும் எதிர்ப்பொருள். பல விலங்குகளில் பயன்படுவது ‘சி.எல். 425’ என்ற எதிர்ப்பொருள்.

ஹார்மோன் சுரப்பதற்கும் அது புழுக்கையில் தெரிவதற்கும் இடையே உணவு குடலைக் கடக்கும் நேரம் இருக்கிறது. எலியினங்களில் ஏறத்தாழ 4 முதல் 12 மணி நேரம்; விலங்கு ஓடியாடும் வேளையில் குறைவு, உறங்கும் வேளையில் அதிகம். முயலுக்கு ஒரு நாள் வரை போகலாம். இன்று காலை எடுத்த புழுக்கை நேற்றைய கதையைச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்ட்ரோஜனில் தொடங்காதீர்கள். அளவு குறைவு, ஏற்றமும் சில மணி நேரமே இருக்கும், தவறவிடுவது எளிது. சினை பிடித்தால் புரோஜெஸ்டஜன் வாரக்கணக்கில் உயர்ந்தே நிற்கும். புதியவருக்கு அதுதான் கைகொடுக்கும்.

எந்த விலங்கு

மூடிக்கிடக்கும் நகரத்தார் வீடுகளின் ஓட்டுக்கூரையிலும் பரண்களிலும் மரநாய் தங்குவது இப்பகுதியில் எல்லோரும் அறிந்ததே. தட்டோட்டிலும் (தட்டை ஓடு பாவிய மொட்டைமாடி) கைப்பிடிச் சுவரிலும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் எச்சமிடும். ஒருமுறை கிடைப்பதே பல கிராம் இருக்கும், சோதனைக்குத் தாராளம். குறை என்னவென்றால், இரவில் வந்தது ஒன்றா இரண்டா, ஆணா பெண்ணா என்று எச்சம் சொல்லாது. எச்சமிடும் இடத்தைப் பார்த்தபடி ஓர் உணரிக் கேமரா வைத்தால் ஆள் அடையாளம் ஓரளவு தெரியும். பால் கொடுக்கும் பெட்டையின் முலைக்காம்புகள் இரவுப் படத்திலும் சில நேரம் தெளிவாக விழும்.

அணில் இதற்கு நேர்மாறு. பகலில் கண்ணெதிரே இருக்கும், வால் நுனி அறுந்தது, காது கிழிந்தது என்று ஒவ்வொன்றையும் பிரித்தறியலாம், போடுவதைக் கண்ணால் பார்த்தே எடுக்கலாம். ஆனால் ஒரு புழுக்கை சோதனைக்குப் போதாது. ஒரே அணில் ஒரே வேளையில் போட்ட மூன்று நான்கைச் சேர்த்தால்தான் ஒரு மாதிரி.

முயலுக்கு முந்திரித் தோப்பு, தைல மரக்காடு, ஊருணிக் கரை, பொட்டல் என்று அலைய வேண்டும். அங்கே ஆட்டுப்புழுக்கை மலிந்து கிடக்கும். முயலுடையது உருண்டையாக, சற்றே தட்டையாக, வெளுத்த நிறத்தில், நசுக்கினால் வைக்கோல் தூள் போல உதிரும். ஆட்டினுடையது நீண்டு, ஒரு முனை கூம்பி, பளபளப்பாக இருக்கும். முயல் இரண்டு வகையாகப் போடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மென்மையானதை அது ஆசனவாயிலிருந்தே வாங்கித் தின்றுவிடும். நமக்குக் கிடைப்பது கெட்டியானது மட்டும்; தப்பித் தவறி மென்மையானது கிடைத்தால் அதைக் கலக்கக் கூடாது, இரண்டிலும் ஹார்மோன் செறிவு ஒன்றல்ல.

எங்கள் யோசனை: பெரிய வளவும் நாலைந்து அணில் குடும்பமும் உள்ள ஒரு வீடு, அல்லது மரநாய் தவறாமல் வரும் ஒரு தட்டோடு. இரண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். பழந்தின்னி வௌவால் பக்கம் புதியவர்கள் போக வேண்டாம். கூட்டத்திலிருந்து விழும் எச்சத்தை யாருடையது என்று பிரிக்க முடியாது, நோய்த்தொற்று அபாயமும் தனி.

அனுமதியும் பாதுகாப்பும்

தொடாத ஆய்வு என்பதால் கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்குகள் இவை. மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். காப்புக்காடு என்றால் நுழையவே அனுமதி வேண்டும். கல்லூரி மாணவர் என்றால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கும் ஒரு தாள் போக வேண்டும். வீட்டுக்காரர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார். அவரிடம் கடிதம் வாங்கி, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு படி கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் விடியற்காலையில் சுவர் மேல் டார்ச் அடித்துக்கொண்டு நிற்பவரை ஊர் வேறு மாதிரி விசாரிக்கும்.

மூடிய அறைகளில் என்-95 முகக்கவசம் கட்டாயம். வௌவால் எச்சம் படிந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது. எலியினச் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். கையுறை இல்லாமல் எதையும் தொடாதீர்கள். புதர்க்காட்டில் முழுக்கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். உண்ணிக்காய்ச்சலைப் பரப்பும் சிறு பூச்சிகள் புல்லிலிருந்துதான் ஏறும். பழைய பரணில் ஏறுமுன் உத்திரத்தைத் தட்டிப் பாருங்கள். பாம்புக்கும் அதே வீடுதான்.

வயதை அறியாத புழுக்கை வேண்டாம்

புழுக்கை விழுந்த பிறகும் அதிலுள்ள பாக்டீரியா வேலையை நிறுத்தாது. சிதைபொருள்கள் மேலும் மாறும். எதிர்ப்பொருள் அவற்றைச் சில நேரம் அதிகமாகப் பிடிக்கும், சில நேரம் விட்டுவிடும். அதாவது பழைய மாதிரியில் அளவு குறைந்துதான் இருக்கும் என்ற உறுதிகூட இல்லை. சித்திரை வெயிலில் இந்த மாற்றம் வேகமாக நடக்கும். ஐப்பசி மழையில் நனைந்தால் வேறு விதமாகக் கெடும். எனவே எவ்வளவு நேரத்துக்கு முன் விழுந்தது என்று தெரியாத புழுக்கையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

மரநாய்க்கு இதைச் செய்வது எளிது. மாலை 6 மணிக்குத் தட்டோட்டிலுள்ள பழைய எச்சம் அனைத்தையும் அகற்றித் தண்ணீர் மட்டும் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பினாயில், பிளீச்சிங் பவுடர் கூடாது. விலங்கு இடத்தை மாற்றிவிடும், மாதிரியிலும் இரசாயனம் கலக்கும். மறுநாள் காலை 5.30-க்கும் 6.30-க்கும் இடையே, வெயில் ஏறுமுன் எடுங்கள். அந்த எச்சத்தின் வயது 12 மணி நேரத்துக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை. கேமராவில் நேரமும் பதிவாகியிருந்தால் இன்னும் நல்லது.

அணிலுக்கு, அது ஓடும் உத்திரத்தின் கீழும் கூட்டின் கீழும் காலை 7 மணிக்குக் கழுவி உலர்த்திய பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, மணிக்கொரு முறை பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை என்றால் விரிப்பே வேண்டாம். வழவழப்பான அதன் மேல் புழுக்கை மண் ஒட்டாமல் முழுதாகக் கிடைக்கும். ஆனால் வீடு துடைக்கும் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளைப் பொட்டு இருக்கும், அதைத் தள்ளுங்கள். எலிப்புழுக்கை நீண்டு இரு முனையும் கூர்ந்திருக்கும். அணிலுடையது குட்டையாக, முனை மழுங்கி இருக்கும். கண்ணால் பார்க்காமல் எடுத்ததில் சந்தேகம் இருந்தால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சிறுநீர் நனைத்ததையும் விடுங்கள். சிறுநீரிலும் ஹார்மோன் சிதைபொருள்கள் உண்டு. நனைந்த ஒரு புழுக்கை ஒரு பொய்யான உச்சத்தைக் காட்டும்.

எடுக்கும் முறை: நைட்ரைல் கையுறை, ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு புதிய ஐஸ்கிரீம் மரக்கரண்டி, மூடி திருகும் 2 மி.லி. அல்லது 15 மி.லி. குப்பி. மரநாய் எச்சம் என்றால் ஒரு மூலையைக் கிள்ளாமல், தரையில் பட்ட அடிப்பகுதியை விட்டுவிட்டு மீதி முழுவதையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து நன்றாகப் பிசையுங்கள். பிறகு அதிலிருந்து 5 கிராம் அளவு எடுங்கள். ஹார்மோன் எச்சம் முழுக்க ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளும் ஒன்று, வெளியேயும் ஒன்று; மார்க்கர் மை ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும். சீட்டில் இடம், விலங்கு, தனி அடையாளம், தேதி, எடுத்த நேரம், விழுந்ததாகக் கருதும் நேரம், வெயிலா நிழலா, எதைத் தின்றிருக்கிறது என்ற குறிப்பு இருக்கட்டும்.

உறையவைத்தல்

இலக்கு -20 டிகிரி செல்சியஸ். எடுத்த இடத்திலிருந்து உறைபெட்டி வரை போவதற்கு ட்ரை ஐஸ் தேடி அலைய வேண்டாம், கிடைப்பது அரிது. ஐஸ் பெட்டியில் நொறுக்கிய ஐஸ் 3 பங்கு, கல்லுப்பு 1 பங்கு கலந்தால் வெப்பநிலை உறைநிலைக்கு நன்கு கீழே போகும். குப்பிகளை ஜிப் பையில் போட்டு அதற்குள் புதையுங்கள். உப்புநீர் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு பிரிட்ஜின் மேல்தட்டு சரிப்படாது. பனி படியாத வகை பிரிட்ஜ்கள் தாமே அவ்வப்போது சூடேறிப் பனியை உருக்கும். சிறு குப்பிகள் ஒவ்வொரு முறையும் இளகி உறையும். ஐஸ்கிரீம் கடைகளில் இருக்கும் மூடி திறக்கும் பெட்டிதான் நல்லது. மின்வெட்டுக்காக, காலி இடத்தை உறைந்த தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி வையுங்கள். ஒரு கப்பில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். என்றாவது நாணயம் உள்ளே அமிழ்ந்திருந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் பெட்டி இளகியிருக்கிறது என்று பொருள். அந்தத் தேதிக்கு முந்தைய மாதிரிகள் எல்லாம் ஐயத்துக்குரியவை.

உறைபெட்டிக்கு வழியே இல்லை என்றால், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 60 டிகிரி சூட்டடுப்பில் உலர்த்தலாம், அல்லது சிறு புழுக்கைகளை ஐந்து மடங்கு சிலிக்கா ஜெல்லோடு அடைக்கலாம். ஆல்கஹாலில் போட்டு வைப்பதும் வழக்கம். ஆனால் அறை வெப்பத்தில் வாரக்கணக்கில் வைத்தால் அளவு நகரும். முறை எதுவானாலும் முதல் மாதிரியிலிருந்து கடைசி மாதிரி வரை அதுவே இருக்க வேண்டும். பாதி உறையவைத்தது, பாதி உலர்த்தியது என்றால் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட முடியாது.

உங்கள் இடத்துக்கான சிதைவுச் சோதனை

இதைச் செய்யாமல் ஆறு மாதம் மாதிரி சேர்ப்பவர்கள் பலர். செய்தவர்களுக்கு ஒரு வாரம்தான் செலவு. புதிதாக விழுந்த ஒரு மரநாய் எச்சத்தை எடுத்துப் பிசைந்து 13 பங்காகப் பிரியுங்கள். ஒன்றை உடனே உறையவையுங்கள். ஆறு பங்கை நிழலிலும் ஆறு பங்கை வெயில் படும் இடத்திலும், அது வழக்கமாக விழும் அதே தட்டோட்டின் மேல் வையுங்கள். 2, 4, 8, 12, 24, 48 மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாக எடுத்து உறையவையுங்கள். எறும்பு தூக்காமலிருக்க வலைமூடி வேண்டும். இதை ஐந்து வேறு எச்சங்களில் செய்யுங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை. எத்தனை மணி நேரம் வரை அளவு உடனே உறையவைத்ததிலிருந்து பெரிதாக விலகவில்லையோ, அதுதான் உங்கள் மாதிரிக்கான வயது வரம்பு. வேறு ஊரில் கண்டுபிடித்த வரம்பைக் கடன் வாங்காதீர்கள். கானாடுகாத்தான் தட்டோட்டின் மே மாதச் சூடு வேறு.

உலர்த்தி, பொடித்து, வடிகட்டுதல்

உறைந்த மாதிரியை லையோபிலைசரில் (உறைந்த நிலையிலேயே ஈரத்தை நீக்கும் கருவி) உலர்த்துவது சிறந்தது. இல்லையேல் 60 டிகிரியில் 24 மணி நேரம், எடை மாறாத நிலை வரும் வரை. உலர்த்துவதற்குக் காரணம் உண்டு: பங்குனியில் வறண்டதும் கார்த்திகையில் ஈரமானதும் ஒரே கிராமில் வேறு வேறு அளவு நீரைச் சுமக்கும்.

பிறகு கல்வத்தில் இடித்துத் தேயிலை வடிகட்டி அளவு சல்லடையில் சலியுங்கள். மரநாய் எச்சத்தில் இது மிக முக்கியம். ஆனி, ஆடியில் வேப்பம்பழம், பிறகு பனம்பழம், நாவல், ஆலம்பழம், ஈச்சம்பழம் என்று அதன் சாப்பாடு மாறிக்கொண்டே இருக்கும். விதைக்கு எடை உண்டு, ஹார்மோன் இல்லை. விதையோடு நிறுத்தால் வேம்பு பழுக்கும் மாதத்தில் ஹார்மோன் திடீரெனக் குறைந்ததாகத் தெரியும். மயிர், எலும்புத் துணுக்கு, பூச்சியோடு எல்லாவற்றையும் நீக்குங்கள். சலித்த பிறகும் நார்ச்சத்தின் விளைவு முழுக்கப் போகாது. அதற்காகத்தான் சீட்டில் உணவுக் குறிப்பு.

சாறு எடுத்தல்

பலரும் கையாளும் முறை, வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ரூப்பர்ட் பால்மே பரவலாக்கிய 80 சதவீத மெத்தனால் முறைதான். சிறு மாதிரிக்கு அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

1. நான்கு தசம இடம் காட்டும் தராசில் 0.050 கிராம் பொடியை 2 மி.லி. குப்பியில் நிறுங்கள். சரியான எடையை எழுதுங்கள்; 0.048 என்றால் 0.048 என்றே.
2. 80 பங்கு மெத்தனால், 20 பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்த கரைசல் 1 மி.லி. விடுங்கள்.
3. வோர்டெக்ஸ் கருவியில் (குப்பியை அதிரவைத்துக் கலக்குவது) 30 நிமிடம். கையால் குலுக்குவது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதனால் வேண்டாம்.
4. சென்ட்ரிபியூஜ் கருவியில் 2500 ஜி (புவியீர்ப்பைப் போல் 2500 மடங்கு) விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். கருவியின் ஆரம் 8 செ.மீ. என்றால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5300 சுற்று.
5. மேலே தெளிந்ததில் 0.5 மி.லி. மட்டும் புதிய குப்பிக்கு மாற்றுங்கள். அடிமண்டியைத் தொட வேண்டாம். -20-இல் வையுங்கள்.

உலர்ந்த எடை 0.02 கிராமுக்குக் கீழே போனால் ஒரு கிராமுக்கான ஹார்மோன் அளவு செயற்கையாக உயர்ந்து தெரியும். பொடி குறையும்போது கரைப்பான் ஒப்பீட்டளவில் மிகுதியாகி, கடைசித் துளிவரை உறிஞ்சி எடுத்துவிடுகிறது. அணில் வேலையில் இந்தக் கண்ணிதான் பெரியது. ஒரு புழுக்கையை வைத்து அளந்து, ‘சினை அணில்’ என்று முடிவு கட்டியவர்கள் எடைப் பத்தியைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

மெத்தனால் கண்ணுக்கும் நரம்புக்கும் நஞ்சு. புகைக்கூண்டின் கீழ், அல்லது குறைந்தது குறுக்குக் காற்றோட்டமுள்ள அறையில், நெருப்பில்லாத இடத்தில்தான் திறக்க வேண்டும்.

எலைசா

எதிர்ப்பொருளைக் கொண்டு ஹார்மோனை நிறத்தால் அளக்கும் சோதனைதான் எலைசா. 96 குழித் தட்டில் நிர்ணய அளவுகள் (அளவு தெரிந்த ஹார்மோன் கரைசல்கள்), வெற்றுக் குழிகள், கட்டுப்பாட்டு மாதிரிகள் போக, ஒவ்வொன்றையும் இரட்டையாக வைத்தால் 37 மாதிரி வரை பிடிக்கும். வரிசை சுருக்கமாக இது: பூச்சு ஏற்றிய குழியில் நிர்ணயக் கரைசல் அல்லது நீர்த்த சாறு 50 மைக்ரோலிட்டர், நொதி இணைத்த ஹார்மோன் 50, எதிர்ப்பொருள் 50, அறை வெப்பத்தில் 2 மணி நேரம், கழுவல், நிறம் தரும் டி.எம்.பி. கரைசல், அமிலம் விட்டு நிறுத்தி 450 நானோமீட்டரில் வாசிப்பு. கிட்டின் தாளில் அளவோ நேரமோ வேறாக இருந்தால் தாளையே பின்பற்றுங்கள். இது போட்டி முறை: மாதிரியிலுள்ள ஹார்மோனும் நொதி இணைத்த ஹார்மோனும் ஒரே எதிர்ப்பொருளுக்குப் போட்டியிடும், ஆகவே மாதிரியில் ஹார்மோன் அதிகமானால் நிறம் குறையும். முதல் நாள் பலரும் இதைத் தலைகீழாகப் படிப்பார்கள்.

கெடும் இடங்கள் நான்கைந்துதான். மெத்தனால் மிகுந்த சாறை அப்படியே விட்டால் எதிர்ப்பொருளின் பிணைப்பு கெடும். 20 மடங்கு பஃபரில் (அமில-காரத் தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) நீர்த்தால் மெத்தனால் 4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தட்டின் ஓரக் குழிகள் முதலில் சூடேறி ஆவியாகும். 36 டிகிரி அறையில் செய்தால் ஓரத்தில் வைத்த மாதிரிகள் எல்லாம் தனிக்கதை சொல்லும். ஏசி அறை, தட்டின் மேல் ஒட்டுத்தாள், எல்லாக் கரைசல்களும் அரை மணி நேரம் வெளியே இருந்து ஒரே வெப்பத்துக்கு வந்த பிறகு தொடக்கம். கழுவல் சரியில்லை என்றால் இரட்டைக் குழிகள் ஒத்துப்போகாது. இரட்டைக்குள் வேறுபாடு 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாதிரியை மீண்டும் ஓட்டுங்கள். தட்டுக்குத் தட்டு கட்டுப்பாட்டு மாதிரியின் வேறுபாடு 15-ஐத் தாண்டினால் தட்டையே.

கணக்கு: நிர்ணயக் கரைசல்களின் வளைகோட்டில் படித்தது மி.லி.க்கு 1.2 நானோகிராம். 20 மடங்கு நீர்த்தது, கரைப்பான் 1 மி.லி., பொடி 0.05 கிராம். 1.2 × 20 × 1 ÷ 0.05 = ஒரு கிராமுக்கு 480 நானோகிராம். எடையை மி.கி.யில் போட்டு ஆயிரம் மடங்கு தவறுவது மிகச் சாதாரணம். விரிதாளில் சூத்திரத்தை ஒருமுறை சரிபார்த்துப் பூட்டிவிடுங்கள்.

தட்டை வாசிக்கும் ரீடர், சென்ட்ரிபியூஜ் எல்லாம் சொந்தமாக வேண்டியதில்லை. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தகைய நிறுவனங்களின் உயிரறிவியல் துறைகளில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பாருங்கள். வனவிலங்கு ஹார்மோன் வேலையில் நீண்ட அனுபவமுள்ள இடம் ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி.யின் (செல், மூலக்கூறு உயிரியல் மையம்) கீழுள்ள லாகோன்ஸ் (அருகிவரும் உயிரினங்களைக் காப்பதற்கான) ஆய்வகம்.

இந்த எண் உண்மையா

ஒரு விலங்கில் சரிவந்த கிட் இன்னொன்றில் சரிவரும் என்பதற்கு உறுதியில்லை. ஒவ்வொரு இனத்தின் கல்லீரலும் ஹார்மோனைத் தன் வழியில் சிதைக்கிறது. ஆகவே நிறுவிக் காட்ட வேண்டியவை சில.

முதலாவது, இணைத்தன்மை. பல மாதிரிகளின் சாறை ஒன்றாகக் கலந்து 1:2, 1:4, 1:8 என்று 1:256 வரை நீர்த்து ஓட்டினால் வரும் கோடு, நிர்ணயக் கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே வெட்டினால் எதிர்ப்பொருள் வேறெதையோ பிடிக்கிறது. முதல் படிகளில் மெத்தனால் மிகுதியாக இருக்கும் என்பதால், சாறைக் காற்றில் உலர்த்திப் பஃபரில் கரைத்த பிறகே இதைச் செய்யுங்கள். பாதிப் பிணைப்பு (ஹார்மோன் இல்லாத குழியின் நிறத்தில் பாதி) எந்த நீர்ப்பில் வருகிறதோ அதுவே உங்கள் மாதிரிகளுக்கான நீர்ப்பு.

இரண்டாவது, மீட்பு. தெரிந்த அளவு ஹார்மோனைச் சாறில் சேர்த்து அளந்தால் 80 முதல் 120 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் கடினம்: உடலியல் சான்று. சினை என்று வேறு வழியில் உறுதியாகத் தெரிந்த பெட்டையில் அளவு உயர்ந்ததா, ஈன்ற பிறகு விழுந்ததா? மரநாய்க்கு உயிரியல் பூங்காவிலோ மீட்பு மையத்திலோ உள்ள விலங்குகளின் எச்சத்தை அனுமதியோடு கேட்டுப் பெறலாம். அணிலுக்குக் கூட்டைக் கவனித்து, குட்டி வெளிவந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடலாம்.

இதற்கெல்லாம் முன் கை பழக ஒரு நல்ல வழி, பக்கத்து முயல் பண்ணை. ஒரு பெட்டை வளர்ப்பு முயலிடமிருந்து, சேர்க்கைக்கு முன் ஐந்து நாள் தினமும், பிறகு 35-ஆம் நாள் வரை நாள் விட்டு நாள் கெட்டிப்புழுக்கை எடுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். சேர்க்கைக்குப் பின் சில நாளில் கோடு எழுந்து, ஈனும் வேளையில் விழ வேண்டும். 16 முதல் 18-ஆம் நாளிலேயே விழுந்துவிட்டால் அது பொய்ச்சினை. முயலுக்குச் சேர்க்கையின் தூண்டலால்தான் முட்டை வெளிப்படும், கரு பிடிக்காவிட்டாலும் புரோஜெஸ்டிரோன் கொஞ்ச காலம் சுரக்கும். இந்தக் கோடு உங்கள் கையில் வரவில்லை என்றால் காட்டு மாதிரியைத் தொடாதீர்கள். வந்தாலும் அது உங்கள் கைக்கான சான்று. காட்டு முயலுக்கோ அணிலுக்கோ அல்ல.

எத்தனை நாளுக்கொரு முறை, எப்படிப் படிப்பது

சினையை மட்டும் அறிய வாரம் இரண்டு மூன்று மாதிரி போதும். பருவச் சுழற்சியை அறிய வேண்டுமானால் தினமும் வேண்டும். எலியினங்களில் சுழற்சியே 4, 5 நாளில் முடிந்துவிடும், வாரம் இருமுறை எடுத்தால் கண்ணில் படாமலே போகும். ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில் எடுங்கள்.

உயர்வு இல்லாத நாட்களின் வழக்கமான அளவை, அதாவது அடிநிலையைக் கணக்கிட, ஒரு விலங்கின் எல்லா அளவுகளுக்கும் சராசரியும் திட்டவிலக்கமும் காணுங்கள். சராசரியோடு இரண்டு திட்டவிலக்கத்தைத் தாண்டியவற்றை நீக்கி மீண்டும் கணக்கிடுங்கள். நீக்க எதுவும் மிஞ்சாத வரை இப்படியே. மிஞ்சியது அடிநிலை. தொடர்ந்து இரண்டு மூன்று மாதிரிகள் அதைத் தாண்டி நின்றால்தான் உயர்வு. ஒற்றை உச்சத்தை நம்பாதீர்கள். ஆண் விலங்கின் மாதிரிகளையும் அதே தட்டில் ஓட்டுங்கள். அட்ரினல் சுரப்பியிலிருந்தும் கொஞ்சம் புரோஜெஸ்டிரோன் வரும் என்பதால் ஆணிலும் ஓர் அளவு காட்டும். பெட்டையின் உயர்வு அதற்கு மேல் தெளிவாக நிற்க வேண்டும்.

ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கார்டிசாலின் சிதைபொருள்கள் சில, ஆண்ட்ரோஜன் போன்ற வடிவத்தில் இருக்கும். சில எதிர்ப்பொருள்கள் அவற்றையும் பிடிக்கும். வீட்டில் கல்யாணமோ முன்னோருக்கான படைப்போ நடந்து, ஒரு வாரம் ஆளும் விளக்கும் மேளமுமாக இருந்தபின் மரநாயின் ‘ஆண் ஹார்மோன்’ உயர்ந்தால், அது பருவம் அல்ல, பதற்றமாகவும் இருக்கலாம். வெள்ளையடிப்பு, பட்டாசு, பெருங்கூட்டம் எல்லாவற்றையும் தேதியோடு குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரே வளவின் மூன்று அணில்களிடமிருந்து 60 மாதிரி எடுத்தால் உங்களிடம் இருப்பது மூன்று அணில், அறுபது அல்ல. தனி அடையாளம் தெரியாத மாதிரிகளைக் கொண்டு ‘இந்த வளவில் இந்த மாதத்தில் சினை அறிகுறி கூடுகிறது’ என்பது வரை சொல்லலாம். அதற்கு மேல் சொல்லக் கூடாது. வண்ணப் பொடி கலந்த பழத்தைக் கொடுத்து அடையாளம் காண்பது பூங்காவில் சரி. காட்டு விலங்குக்குத் தீனி வைத்துப் பழக்கினால், நீங்கள் அளக்க வந்த வாழ்க்கையையே மாற்றிவிடுகிறீர்கள்.

மீதிச் சாறைக் கொட்டாதீர்கள். -20-இல் வைத்தால் பிறகு வேறு எதிர்ப்பொருளால் மீண்டும் ஓட்டலாம். கழிவு மெத்தனாலைத் தொட்டியிலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. இங்கே வாய்க்கால் போய்ச் சேருமிடம் ஊருணி. மூடியுள்ள கேனில் சேர்த்து, பெயர் எழுதி, வேதியியல் ஆய்வகத்தின் கழிவுச் சேகரிப்பில் ஒப்படையுங்கள். அமிலம் கலந்த எலைசா கழிவுக்குத் தனிக் கேன்.